மாணிக்கத்தில் வெள்ளை வரிகள் வந்தது ஏன்?

நகைப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆர்டர் எடுத்து நகை செய்து தரத் தொடங்கியிருக்கிறேன், அம்மா. ஒரு மாணிக்க மோதிரத்தில் கல்லைப் பதித்த பிறகு கவ்வுகால் ஒன்று உடைந்துவிட்டது. கல் இருந்தபடியே பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, அமிலக் கரைசலில் போட்டு எடுத்தேன். கல் முழுக்க வெள்ளை வரிகள்! மாணிக்கம் நெருப்பைத் தாங்கும் என்றுதானே சொல்கிறார்கள்? விற்றவரும் “ஒரிஜினல் கல், சூடு காட்டியது, அவ்வளவுதான்” என்றார்.

பதில்: தம்பி, மாணிக்கம் நெருப்பைத் தாங்கும் என்பது உண்மைதான். நிறத்தைக் கூட்டுவதற்காகப் பல கற்களுக்கு 1,500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடு காட்டித்தான் சந்தைக்கே அனுப்புகிறார்கள். உங்கள் ஊதுகுழலின் சூடு அந்த மாணிக்கத்துக்கு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் உங்கள் கையில் இருந்தது முழுக்க மாணிக்கம் அல்ல. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

2004 வாக்கில் இருந்து இந்தக் கற்கள் சந்தையில் ஏராளமாக வருகின்றன. விரிசல் விழுந்து, கலங்கலாக, பட்டை தீட்டவே லாயக்கில்லாத கல்லை எடுத்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி அதன் விரிசல்களுக்குள் இறக்குகிறார்கள். ஈயம் சேர்ந்த கண்ணாடியும் மாணிக்கமும் ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைக்கும். அதனால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போய், கல் தெளிவாகிவிடுகிறது. மாணிக்கம் தாங்குகிற நெருப்பை அந்தக் கண்ணாடி தாங்காது, இளகிவிடும். அமிலமோ மேற்பரப்பில் இருக்கும் கண்ணாடியை அரித்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அரிக்கும் என்றால் பாருங்கள். நீங்கள் பார்த்த வெள்ளை வரிகள், கண்ணாடி அரிபட்டுத் திறந்துகொண்ட விரிசல்கள். பழையபடி ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் கல்லை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் நீலமோ ஆரஞ்சோ பளிச்சென்று மின்னி மறையும். உள்ளே நசுங்கிய குமிழிகள் தெரியும். மேற்பரப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் கோணத்தில் பிடித்தால், விரிசல் ஓடுகிற இடம் மட்டும் சற்று மங்கலாக இருக்கும். பெரிய கல், நல்ல சிவப்பு, தெளிவு, அதோடு நம்ப முடியாத குறைந்த விலை என்று எல்லாம் சேர்ந்து வந்தால் லென்ஸை எடுப்பதற்கு முன்பே சந்தேகப்படுங்கள்.

“சூடு காட்டியது” என்ற வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம். இயற்கைக் கல்லா, ஆய்வகத்தில் வளர்த்ததா? எதையாவது நிரப்பியிருக்கிறதா? திருப்பித் தந்தால் எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்வார்கள்? பதில்களை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். மாணிக்கத்தை ஆய்வகத்தில் செய்வது ஒன்றும் புதிதல்ல. வெர்னேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902லேயே தன் முறையை அறிவித்துவிட்டார். அதனால் பழைய நகையில் இருக்கிறது என்பதற்காக இயற்கைக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய முறையில் வளர்ந்த கல்லுக்குள் வளைந்த வரிகள் ஓடும். இயற்கைக் கல்லில் நிற வரிகள் நேராகவோ கோணமாகவோதான் இருக்கும்.

அப்புறம் ஒன்று. உங்கள் வாடிக்கையாளரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். வேறு கல் வைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: 6.5 மில்லிமீட்டர் வட்டக் கல்லுக்கு மோதிரம் வார்த்து வைத்திருந்தேன். “ஒரு காரட் வைரம் அந்த அளவு இருக்கும்” என்று படித்ததால் ஒரு காரட் நீலக்கல் வரவழைத்தேன். குழிக்குள் ஆடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை அம்மா, எடை சரியாகத்தான் இருக்கும். காரட் என்பது எடை, 0.2 கிராம். வைரத்தின் அடர்த்தி 3.52, நீலக்கல்லின் அடர்த்தி 4. கனமான பொருள் அதே எடைக்குச் சிறிதாகத்தான் இருக்கும். போதாததற்கு, எடை குறையக்கூடாது என்று நிறக் கற்களின் அடிப்பகுதியை ஆழமாக விட்டுப் பட்டை தீட்டுவது வழக்கம். மேலே தெரியாத அந்த வயிற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். மோதிரத்தில் அது விரலை வேறு குத்தும். செவ்வந்திக்கல்லின் அடர்த்தி 2.65தான். அதே எடைக்கு அது பெரிதாக வந்து நிற்கும்.

ஆகவே நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள். வசதி இருந்தால் கல் கைக்கு வந்த பிறகு அதை அளந்து மோதிரத்தை வார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் மிகக் குறைந்தாலும் ஆபத்துதான். கல்லை அச்செழுத்தின் மேல் கவிழ்க்காமல் வையுங்கள். நடுவில் எழுத்து படிக்கும்படி தெரிந்தால், ஒளி திரும்பி வராமல் அடிவழியே போய்விடுகிறது என்று பொருள். அந்தக் கல் விரலில் செத்துக் கிடக்கும். நிறத்தை மஞ்சள் விளக்கிலும் பாருங்கள், பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். மஞ்சள் விளக்கு மாணிக்கத்தைத் தூக்கிக் காட்டும், நீலத்தைக் கருக்கிவிடும்.

கேள்வி: பாட்டியின் மரகதத்தைப் புது மோதிரத்தில் பதித்துத் தரச் சொல்லி ஒரு பெண் கேட்கிறார். கல் உடைந்தால் என் கதி என்ன? வேலையை ஏற்கலாமா?

பதில்: ஏற்கலாம், அவசரப்படாமல். அவர் எதிரிலேயே கல்லை எடை போடுங்கள், அளவெடுங்கள், லென்ஸ் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். விரிசல்களை அவருக்கும் காட்டுங்கள். பார்த்ததை எல்லாம் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு பேச முடியாது.

மரகதத்தில் விரிசல் இல்லாத கல் அபூர்வம். விரிசலில் எண்ணெயோ பிசினோ ஏற்றியிருப்பார்கள். ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியில் போட்டால் எண்ணெய் வெளியேறி, அதுவரை தெரியாத விரிசல்கள் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். நீராவியும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். பற்றவைப்பு, ராவல், மெருகு எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் கல்லைப் பதியுங்கள்.

கால்களால் கவ்வுவதா, சுற்றிலும் தகடு மடிப்பதா என்று கேட்டால், விரிசல் உள்ள மரகதத்துக்கு நான் சுற்றுத் தகட்டைத்தான் சொல்வேன். உயர் காரட் தங்கத்தில் (இங்கே காரட் எடையல்ல, தங்கத்தின் தூய்மை), மெல்லிய தகடாக எடுங்கள். அது அதிக அழுத்தம் கேட்காமல் மடியும். எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். கல் உட்காரும் இருக்கை முழுதும் சமமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மேடு நின்றால் கல் அங்கேதான் விண்டுபோகும். சதுர மரகதத்தின் மூலைகளை வெட்டிவிட்டுப் பட்டை தீட்டுவதே மூலை உடையும் என்பதால்தான். கூர்மூலை இருந்தால் அதற்கு நேர் கீழே இருக்கையில் சிறு பள்ளம் விடுங்கள். விரிசல் விளிம்புவரை ஓடி, தகடு அழுத்தும் இடத்திலேயே முடிகிறதா? வேலையை மறுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பாட்டியின் கல் முழுசாக இருப்பதுதான் முக்கியம்.

கேள்வி: “இணையத்தில் இந்தக் கல் பாதி விலை” என்று வாடிக்கையாளர்கள் பேரம் பேசுகிறார்கள். என்ன சொல்வது?

பதில்: கல், தங்கம், கூலி, பதிப்பு நான்கையும் தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள். கல்லைத் தேடிப் பிடிக்கும் நேரமும், உடைந்தால் நீங்கள் ஏற்கும் நஷ்டமும் கல்லின் விலையில் சேர வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரே கல் கொண்டு வருகிறேன் என்றால் சரி, கொண்டு வரட்டும். அப்போது பதிப்புக் கூலியைக் கூட்டிக் கேளுங்கள், மேலே சொன்ன தாளிலும் கையெழுத்து வாங்குங்கள். விலையுயர்ந்த கல்லைச் சொந்தக் காசில் வாங்கி அடுக்காமல், “விற்றால் பணம், இல்லாவிட்டால் கல்லைத் திருப்பித் தருவேன்” என்ற பேச்சில் வியாபாரியிடம் வாங்கிக் காட்டலாம். ஆனால் உங்கள் கையில் இருக்கும்வரை அந்தக் கல் தொலைந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கேள்வி: ஓப்பல் மோதிரம், தினமும் அணிய. செய்து தரலாமா?

பதில்: கற்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் ஓப்பல் 5.5 முதல் 6.5 வரை. தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7. துணியால் துடைத்தாலே நாளடைவில் கீறல் விழும். தண்ணீரும் சேர்ந்த கல் என்பதால் திடீர்ச் சூட்டில் வெடிக்கவும் செய்யும். தோடாகவோ பதக்கமாகவோ செய்துகொள்ளச் சொல்லிப் பாருங்கள். மோதிரம்தான் வேண்டும் என்று நின்றால், சுற்றுத் தகட்டைக் கல்லைவிடச் சற்று உயரமாக வைத்துச் செய்து கொடுங்கள்.