லீவு எப்ப முடியுது?

வணக்கம் ஐயா,

எனக்கு அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமம். 19 வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, 24 வருடம் முடித்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது வேலூரில் ஒரு தனியார் கல்லூரியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் டியூட்டி. பென்ஷன் வருகிறது, கடன் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் வீட்டில் எந்தப் பொறுப்பையும் என்னிடம் விடமாட்டேன் என்கிறார்கள். போன மாதம் கிணற்று மோட்டாரில் காயில் போய்விட்டது. நான் டியூட்டி முடிந்து வருவதற்குள் என் மனைவி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கழற்றி அனுப்பி, பேரம் பேசி முடித்துவிட்டாள். அப்பாவுக்கு 72 வயது. அரை ஏக்கரில் கத்தரி போடுகிறார். யூரியா வாங்கக்கூட மருமகளிடம்தான் பணம் கேட்கிறார். பதினொன்றாவது படிக்கும் மகனுக்கு ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன், ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று. அதிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நாலாவது படிக்கும் மகள் போன வாரம் கேட்டாள், "அப்பா, உங்க லீவு எப்ப முடியுது?"

24 வருடம் காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்று தெரிந்து எழுந்தேன். இப்போதும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. 43 வயதில் ஒரு மனிதனுக்கு இனி என்ன குறிக்கோள் இருக்க முடியும்? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை ஒரு சின்ன வேலை செய்தேன். 'பொறுப்பு' என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் 'அதிகாரம்' என்று போட்டுப் படித்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். மோட்டாரைச் சரிசெய்ய முடியவில்லை என்பதல்ல உங்கள் வருத்தம். உங்களைக் கேட்காமல் சரிசெய்துவிட்டார்கள் என்பதுதான்.

உங்கள் மனைவியின் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு. உங்களுக்குப் பெரிய பையன் பதினொன்றாவது என்றால் கல்யாணமாகி 17 வருடம் இருக்கும். ஜவானுக்கு வருடத்துக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், கேஷுவல் 30 நாள். எல்லா வருடமும் முழுதாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம், கிடைத்திருக்காது என்று உங்களுக்குத் தெரியும். அப்படியும் 17 வருடத்தில் நீங்கள் வீட்டில் இருந்தது நாலு வருடத்தைச் சற்றே தாண்டும். மீதி 13 வருடம் மோட்டார் எரிந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டியிருந்தது, வரப்புத் தகராறு வந்தது. அத்தனைக்கும் அந்த அம்மா தனியாக ஓடியிருக்கிறார். அந்த மெக்கானிக்கின் நம்பர் அவர் போனில் இருக்கிறது. உங்கள் போனில் இருக்கிறதா?

கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று கூப்பிடுகிற மாவட்டம் நம்முடையது. எந்த ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். எல்லையில் இருந்த கதை சொல்வார், கேட்க நன்றாக இருக்கும். ஊர் திரும்பி வந்த முதல் வருடத்தின் கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே பதில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பட்டாளத்தில் இருந்தவனில்லை. ஆனால் 45 வயதில் சொந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது சென்னை வேலையை விட்டுவிட்டு சத்துவாச்சாரிக்கு வந்தேன். அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டது தங்கை. நான் பெரிய தியாகம் செய்துவிட்டு வந்திருப்பதாக எனக்கு நினைப்பு. வந்த மூன்றாம் நாளே மாத்திரைகளுக்கு ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், காற்று வரட்டும் என்று. வேலூரில், மே மாதத்தில், மேற்கு ஜன்னல் பக்கம்! அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாய் கோணியிருந்ததால் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தங்கை கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, மாத்திரை எத்தனை மணிக்குன்னு உனக்கு இப்ப தெரிஞ்சிடுச்சு. எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சா அம்மா தூங்கும்னு தெரியுமா?"

தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தங்கையிடம் போய், உனக்கு இதில் எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை, துணி என்றாள். ஒரு நாளைக்கு நாலு விரிப்பு, ஐந்து விரிப்பு. மூத்திரத் துணி. சரி, அது என் வேலை என்றேன்.

மூன்று வருடம் துவைத்தேன். வாழ்க்கையின் அர்த்தம் அதில் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. டெட்டால் வாடையும் இடுப்பு வலியும்தான் கிடைத்தன. தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த நாட்களில் துணி ஊறிக்கொண்டே கிடக்கும், அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. ஆனால் ஒன்று நடந்தது. கடைசி வருடம் அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. ஒரு வேலையாக இரண்டு நாள் சென்னை போய்விட்டேன். அம்மா தங்கையிடம் கேட்டாராம், "துணி துவைக்கிறவன் எங்க, ரெண்டு நாளா காணோம்?" பெயர் மறந்துவிட்டது, மகன் என்பதும் மறந்துவிட்டது. ஆனால் வீட்டில் ஒரு ஆள் குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. தங்கை போனில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வாலாஜா டோல்கேட் வருகிறவரைக்கும் அந்தச் சிரிப்பு என்னவோ போல் இருந்தது.

குறிக்கோள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலூரில் இருந்துகொண்டு அதைப் பேசினால் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடரிடம் போய்த்தான் நிற்க வேண்டும். நம்மூர்ப் பள்ளி ஆண்டு விழாக்களில் கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள், மனைவிக்குப் பிரசவம் பார்க்க ஒரு பெண் வைத்தியர் வேண்டும் என்று வந்து நின்றதும், மருத்துவம் படிக்காத அந்தப் பெண்ணால் போக முடியாமல் மூன்று பெண்களும் இறந்ததும். மைக்கில் கதை அந்த இரவோடு முடிந்துவிடும், கைதட்டுவார்கள். எனக்கு அந்த இரவைவிடப் பிறகு வந்த வருடங்கள்மீதுதான் கண். அந்தம்மா அப்போது இங்கே வந்திருந்ததே உடம்பு சரியில்லாத தாயைப் பார்த்துக்கொள்ளத்தான், தங்கிவிடும் எண்ணமே கிடையாது. அமெரிக்கா திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வேலூர் வந்தார். 1902இல் ஆஸ்பத்திரி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். 1870இல் பிறந்தவர், அப்போது 47 வயது. உங்களைவிட நாலு வயது அதிகம். முடிவு ஒரு ராத்திரியில் வந்திருக்கலாம். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, காலையில் எழுந்து அன்றைக்கு வாசலில் நின்றவர்களைப் பார்த்ததுதான். நமக்கு அந்த அளவெல்லாம் வேண்டாம், நாம் ஆஸ்பத்திரி கட்டப்போவதில்லை. குறிக்கோள் என்று ஒன்று பட்டாளத்தின் காலை அணிவகுப்பான ஃபாலினில் வாசித்துக் காட்டப்படும் என்று நீங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றியது, அதனால் சொன்னேன்.

உங்களுக்கு என்ன செய்யத் தோன்றும் என்று யூகிக்கிறேன். மகனுக்கு இரண்டாவது டைம்டேபிள் போடத் தோன்றும். வேண்டாம். முதல் டைம்டேபிளையும் நீங்களே கிழித்துவிடுங்கள். அவன் பார்க்கும்படி கிழித்தால் நல்லது.

அப்புறம் அந்தக் கத்தரித் தோட்டம். அணைக்கட்டு பக்கம் என்கிறீர்கள், எனவே இலவம்பாடி முள்ளுக் கத்தரியாகத்தான் இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த காய். காம்பில் முள். பறிக்கத் தெரியாதவன் பறித்தால் விரலெல்லாம் ரத்தப் புள்ளி. 72 வயதுக்காரர் அதைப் பறித்து, மூட்டை கட்டி, மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார். காய் போகிற நேரம் விடியற்காலை. உங்களுக்கு விழிப்பு வருவது நாலரைக்கு. இரண்டையும் நீங்கள் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு நடுவில் ஒரு கோடு போடாமல் விட்டுவிட்டீர்கள். அப்பாவிடம் யோசனை எதுவும் சொல்லாதீர்கள். சொட்டு நீர் போடலாம், கமிஷன் மண்டியை மாற்றலாம் என்று உங்களுக்கு நாலு யோசனை கட்டாயம் இருக்கும். ஒரு வருடம் வாயைத் திறக்காமல் மூட்டையைத் தூக்குங்கள். எந்தக் காயை எந்தப் பதத்தில் பறிப்பது என்று அவரிடம் கேளுங்கள். 24 வருடத்தில் அவரிடம் எதையாவது கேட்டிருக்கிறீர்களா? மாதாமாதம் பணம் அனுப்பியிருக்கிறீர்கள், அது வேறு.

மனைவியிடம் கேட்க வேண்டியதும் நான் தங்கையிடம் கேட்டதுதான். எது ரொம்பக் கஷ்டம்? அவர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காத வேலையாக இருக்கும், அநேகமாக அற்பமானதாக இருக்கும். பள்ளிக்கூட வேனுக்குக் கொண்டுபோய் விடுவதாக இருக்கலாம், மாவு அரைப்பதாக இருக்கலாம். "நீ விடு, நான் பார்த்துக்கறேன்" என்று மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். 13 வருடம் கட்டி ஆண்டதை ஓர் ஆள் வந்து ஒரே நாளில் வாங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் உதவி அல்ல.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். மாலையில் என்ன செய்கிறீர்கள்? இரண்டு மணி டியூட்டி என்பதால் ஒருவேளை தப்பித்திருப்பீர்கள். மிலிட்டரி கேன்டீன் கோட்டா மது பாட்டிலோடு மாந்தோப்பில் கூடுகிற, உங்கள் வயதுக்காரர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள். அங்கே அவர்களுக்கு இன்னும் ரேங்க் இருக்கிறது, அதனால் போகிறார்கள். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் திரும்புவது கஷ்டமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதற்குமேல் உபதேசம் செய்யவில்லை.

கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மகள் லீவு எப்போது முடிகிறது என்று கேட்டாள் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை என்றால், குழந்தை இன்னும் அந்தத் தேதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வேனுக்குப் போவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.