முகவீணையை எங்கே உட்கார்ந்து கேட்பது?

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் குடியாத்தம். ஒரு தெருக்கூத்து ஜமாவின் (குழுவின்) முகவீணைக்காரரை, அதாவது குட்டி நாகஸ்வரம் போன்ற அந்த ஊதுவாத்தியம் வாசிப்பவரை, இதுவரை செல்போனில்தான் கேட்டிருக்கிறேன். ஆற்காடு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் (மகாபாரதச் சொற்பொழிவும் கூத்தும் நடக்கும் திருவிழா) வைத்திருக்கிறார்கள். அந்த ஜமாதான் ஆடுகிறது. எனக்கு ஒரு ராத்திரிதான் கிடைக்கும். எந்த ராத்திரி போவது? பாதியில் கிளம்பினால் நஷ்டமா? போனில் பதிவு செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நோட்டீஸில் பகல் சொற்பொழிவு, ராத்திரிக் கூத்து இரண்டையும் நாள்வாரியாகப் போட்டிருப்பார்கள். அதில் கர்ணன் சாகிற கூத்தான கர்ண மோட்சம் என்றைக்கு என்று பாருங்கள். அர்ச்சுனன் மரமேறித் தவம் செய்கிற அர்ச்சுனன் தபசுக்குக் கூட்டம் நெரியும், ஆனால் எல்லார் கண்ணும் தபசு மரத்தின் மேலேயே இருக்கும். கர்ண மோட்சத்தில் பாட்டுக்கு இடம் அதிகம். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்கிற இடத்தில் பாடுகிறவர் அடியை முடித்து மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் முகவீணை அதே அடியை வாங்கிக்கொண்டு போகும். உங்கள் ஆளைக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

உட்காரும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முன்வரிசை நடுவில் இடம் பிடித்துவிட்டு, தலைக்கு மேலே கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரைக் கவனிக்க மாட்டார்கள். அந்தக் குழாயில் கீழ்ச்சத்தம் வராது. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த சத்தம் தரும் இடப்பக்கம்) செத்துவிடும், முகவீணை மட்டும் ஊசியாகக் குத்தும். (செல்போனிலும் இதே கதிதான். நீங்கள் இதுவரை கேட்டது பாதி வாசிப்பு.) வாத்தியக்காரர்கள் ஆட்டக்களத்துக்குப் பின்னால் இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கவாட்டில், குழாயின் வாய் திரும்பாத பக்கமாக, பத்துப் பதினைந்தடி தள்ளிப் பாயைப் போடுங்கள். அங்கே மைக் இல்லாமலே காதில் விழும். நாகஸ்வரத்தில் பாதி நீளம்கூட இராது, ஆனாலும் தெருவை நிறைக்கிற வாத்தியம்.

ஆட்டம் தொடங்குமுன் களரி கட்டும்போதே போய்விடுங்கள். வேஷம் எதுவும் வராமல் தாளக்கட்டும் முகவீணையும் மட்டும் நடக்கிற நேரம் அது ஒன்றுதான். ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் என்பார்கள். அரைமணி முன்னே பின்னே ஆகும். பாதியில் கிளம்பினால் நஷ்டம்தான். கர்ணன் சாய்வதும் அதற்குப் பிறகு வரும் புலம்பலும் விடியற்காலையில். சோக ராகமான முகாரி அப்போதுதான் வரும். ஆனால் பனி இறங்கினால் வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி மக்கர் செய்யும்: ஈரம் ஏறினால் தடித்து அடைக்கும், காய்ந்தால் கீச்சிடும். அதனால்தான் மாற்றுச் சீவாளிகளைக் கைவசம் வைத்திருப்பார்கள். நடுவே வாயிலிருந்து எடுத்து வேறொன்றைச் செருகுவதைப் பார்த்தால் தவறு நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பதிவுக்கு ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீடியோ வேண்டாம், ஒலி மட்டும் போதும், சார்ஜும் நிற்கும். போனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், மைக் உள்ள கீழ்முனை வாத்தியக்காரர்களைப் பார்க்கும்படி வையுங்கள். ரொம்பக் கிட்டே வைத்தால் முகவீணை ஏறும்போதெல்லாம் போன் தானாகவே சத்தத்தைக் குறைக்கும், பாட்டு உள்ளே போய் உள்ளே போய் வரும். பத்து நிமிஷம் பதிந்து காதில் மாட்டிக் கேட்டுவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

அவரிடம் பேச வேண்டுமானால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் தனியாகச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் டீ குடிக்க எழுந்து வருவார், அப்போது பேசலாம். அன்பளிப்பை மைக்கில் சொல்லிக் கொடுத்தால் ஜமாவின் பொதுக்கணக்கில் சேரலாம். அவருக்கே சேர வேண்டுமென்றால் காலையில் பெட்டி கட்டும்போது கையில் கொடுங்கள்.