உதிரி பாகம் வாங்கி ரைஃபிள் செய்யலாமா? ஹெச்1பி தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, கேள்வியைப் படித்தேன். டெக்சஸில் டல்லாஸ் பக்கம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கையில் இருப்பது ஹெச்1பி என்கிற தற்காலிக வேலை விசா. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அமெரிக்கர் வார இறுதியில் கராஜில் உட்கார்ந்து உதிரி பாகங்களை வாங்கி வாங்கி ஏஆர்-15 ரைஃபிள் பூட்டுகிறார், "நீயும் வா, மலிவாக உனக்கும் ஒன்று செய்துவிடலாம், அந்த முக்கியமான பாகத்தை மட்டும் என் பெயரில் வாங்கிக்கொள்ளலாம், மீதியை நீ வாங்கு" என்கிறார், சரி என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லாதீர்கள். அந்தக் கடைசி யோசனைக்குச் சிரித்துக்கொண்டேகூட தலையாட்டி வைக்காதீர்கள்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊரில் பைக் பிரித்துப் பூட்டுகிற பையன்கள் மாதிரிதான் டெக்சஸ்காரர்களுக்கு இது. 1950களில் ஆர்மலைட் கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த துப்பாக்கி அது. ஏஆர் என்பது அந்தக் கம்பெனியின் பெயரிலிருந்து வந்ததுதான். 1959-ல் கோல்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது. 1970களின் கடைசியில் காப்புரிமை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. ஒரு கம்பெனி குழலும் இன்னொரு கம்பெனி பிடியும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தும். அதனால் தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடிக்குக் காத்திருந்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது. மலிவு என்பது பாதிதான் உண்மை. துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணம் கருவிகளுக்கும் ஸ்கோப்புக்கும் போய்விடும். அதற்கு மேல் தோட்டாச் செலவு ஒன்று இருக்கிறது, அது நிற்கவே நிற்காது. ஒன்றோடு நிறுத்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த "முக்கியமான பாகம்" விஷயத்துக்கு வருகிறேன். ஏஆர்-15-ல் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது லோயர் ரிசீவர் என்கிற ஒரே ஒரு உலோகக் கூடுதான். சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும். மற்ற பாகங்கள் டெக்சஸில் செருப்பு ஆர்டர் போட்டால் வருவது போல வீட்டு வாசலுக்கு வந்துவிடும். லோயரை மட்டும் மத்திய அரசு லைசன்ஸ் உள்ள கடையில் போய், 4473 என்ற படிவத்தை நிரப்பி, பேக்கிரவுண்ட் செக் முடித்துத்தான் வாங்க வேண்டும். குடியேறாதோர் விசாவில் வந்தவரா என்று அந்தப் படிவம் நேராகவே கேட்கும். நீங்கள் ஆம் என்று எழுதியாக வேண்டும். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

ஹெச்1பி-யில் இருந்துகொண்டே கிரீன் கார்டுக்கும் விண்ணப்பிக்கலாமே, நான் பாதிக் குடியேறியவன்தானே என்று சிலர் வாதம் பண்ணுவார்கள். துப்பாக்கிச் சட்டத்துக்கு அந்தப் பாதிக் கணக்கு தெரியாது. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு பாஸாகியிருந்தாலும், பத்து வருஷமாக வரிசையில் நின்றாலும், ஹெச்1பி குடியேறாதோர் விசாதான், ஹெச்4-ல் இருக்கும் மனைவிக்கும் அப்படியே. வாங்குவது மட்டும் இல்லை, கையில் வைத்திருப்பதே தடை. துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும்தான். 2022-ல் சட்டம் திருத்தியதிலிருந்து அதிகபட்ச தண்டனை 15 வருஷச் சிறை. நண்பர் உங்களுக்காகத் தன் பெயரில் வாங்கினால் அது பினாமி வாங்கல், அவரும் மாட்டுவார். உங்கள் விசா நிலை தெரிந்தே கையில் கொடுத்தாலும் அவர் மேல் தனியாக வழக்கு வரும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. பிறந்ததிலிருந்து குடிமகனாக இருப்பவருக்கு விசா வகைகள் தெரிய எந்த அவசியமும் வந்திருக்காது.

சீரியல் நம்பரே இல்லாத அரைகுறை கிட் வாங்கி நாமே முடித்துக்கொண்டால் படிவமே வேண்டாமே என்றும் யாராவது காதில் போடுவார்கள். அந்த வழியை 2022-ல் மத்திய அரசு விதி போட்டு இறுக்கியது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. கலிபோர்னியா, நியூஜெர்சி, நியூயார்க் மாதிரி மாநிலங்களில் தனியாகவும் கடுமையான சட்டம் உண்டு. எப்படியானாலும் உங்கள் சிக்கல் வாங்கும் வழியில் இல்லை, வைத்திருப்பதில் இருக்கிறது. வழியை மாற்றினால் அது மாறாது.

ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்கவும் நான் விரும்பவில்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் கையில் இருந்தால் குடியேறாதோர் விசாக்காரருக்கும் இந்தத் தடை பொருந்தாது. நம் ஆட்களில் சிலர் அப்படி லைசன்ஸ் எடுத்துத் துப்பாக்கி வாங்கியும் இருக்கிறார்கள். டெக்சஸ் லைசன்ஸ் ஆகஸ்ட் 31-ல் காலாவதியாகும், புதுப்பிக்க மறந்தால் மறுநாள் காலை அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே உங்கள் மேல் குற்றம். அதைவிடப் பெரிய தலைவலி வேலை. லே-ஆஃப் ஆனால் உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்குப் பிறகும் இங்கே இருந்தால் சட்டப்படியான விசா அந்தஸ்து போய்விடும், அப்போது எந்த வேட்டை லைசன்ஸும் காப்பாற்றாது. வேலை தேடி அலைகிற நேரத்தில் துப்பாக்கியை யாரிடம் எப்படி ஒப்படைப்பது என்று வக்கீலைத் தேடிக்கொண்டிருப்பீர்களா? நான் என்றால் அந்த வம்புக்கே போகமாட்டேன்.

"ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு தடவை சுட்டுப் பார்ப்பதில் என்ன?" என்று அடுத்து கேட்பீர்கள். ரெஹைஃப் வழக்கைத் தேடிப் படியுங்கள். மாணவர் விசாவில் ஃப்ளோரிடா வந்தவர், படிப்பு சரியில்லை என்று பல்கலைக்கழகம் நீக்கியதால் விசா அந்தஸ்தை இழந்தவர், ரேஞ்சில் போய் இரண்டு துப்பாக்கியைச் சுட்டார், வழக்கு 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தனக்கு அந்தஸ்து இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்ததாக அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது. ஆனால் அந்த வாதம் உங்களுக்கு உதவாது, உங்கள் விசா என்ன என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரேஞ்சில் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

கிரீன் கார்டு வந்தபின் கதை வேறு, மத்திய சட்டப்படி வாங்கலாம், பூட்டலாம். இந்தியாவில் பிறந்தவருக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. அப்போதும் துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டனை ஆனால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்தலாம், குடிமகனுக்கு அந்தப் பயம் கிடையாது. குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அது தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வகையாகிவிடும், மலிவாகக் கிடைத்தது என்று பார்க்காமல் வாங்கினால் அங்கே மாட்டுவீர்கள். டெக்சஸில் பூட்டியதை நியூஜெர்சிக்கு வேலை மாற்றத்தோடு காரில் போட்டுக்கொண்டு போனால் அங்கே சட்டமே வேறு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெட்டி, பூட்டு எல்லாம் செலவுக் கணக்கில் முதலில் வரட்டும். டெக்சஸிலேயே, 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எட்டும்படி சுடத் தயாரான துப்பாக்கியை விட்டு வைத்து, அது பிள்ளை கைக்குப் போனால் வழக்கு வரும்.

உங்களுக்கு இழுப்பு சுடுவதிலா, பூட்டுவதிலா என்று எனக்குத் தெரியவில்லை. சுடுவதில் என்றால் ஏர் ரைஃபிள் எடுங்கள். மத்திய சட்டப்படி அது துப்பாக்கிக் கணக்கில் வராது, டெக்சஸில் பிரச்சினை இல்லை (நியூஜெர்சியில் அதையும் துப்பாக்கியாகவே பார்ப்பார்கள்). 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக் விளையாட்டு, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதில்தான் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவர். மெரினாவில் பலூன் சுட்ட அனுபவத்தை வைத்து எடை போடாதீர்கள், உண்மையான இலக்குப் பயிற்சி முதுகை ஒடித்துவிடும். பூட்டுவதில்தான் ஆசை என்றால் பழைய கார் ஒன்றை வாங்குங்கள், டெக்சஸில் அதற்கும் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது.

நண்பரிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கொள்கை பேச வேண்டாம், "என் விசாவில் இது சட்டப்படி கூடாது, நீ கொடுத்தாலும் உனக்கும் சிக்கல்" என்று மட்டும் சொல்லுங்கள். துப்பாக்கிக்காரர்கள் சட்டத்தை மீறச் சொல்லி வற்புறுத்துவது குறைவு. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை போனால் ஆட்டமே முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் கம்பெனி வக்கீலிடம் கேட்காதீர்கள், அவர் கம்பெனிக்குத்தான் வக்கீல். தனியாக ஒரு குடியேற்ற வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள்.

அப்புறம், அவரோடு ரேஞ்சுக்கு வேடிக்கை பார்க்கப் போனாலும் அலுவலக முதுகுப்பையைக் கொண்டுபோக வேண்டாம், அவர் பையை இரவல் வாங்கவும் வேண்டாம். ஒரு தோட்டா மூலையில் கிடந்து, அதே பையோடு நீங்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், ஆயுதச் சட்டம் 1959-ன்படி வழக்கு. அப்படி மாட்டிக்கொண்டு விமானத்தை விட்டவர்கள் உண்டு.