இம்யூனோகுளோபுலின் ஊசிக்கு மாதாமாதம் இவ்வளவு பில் ஏன்?

குன்னூரிலிருந்து கோவைக்குப் போய்க் குழந்தைக்கு இந்த ஊசி போடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது.

இம்யூனோகுளோபுலின் என்பது நோய் எதிர்ப்புப் புரதம். சில குழந்தைகளின் உடலில் அது போதிய அளவு சுரக்காது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து, பிரித்தெடுப்பதால்தான் இந்த விலை. ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போகிறதே, அது மாதிரி.

கொழுந்தைப் போல இதற்கும் எடைதான் கணக்கு, ஆனால் குழந்தையின் எடை. கிலோவுக்கு அரை கிராம் என்று டாக்டர் எழுதினால், 20 கிலோ குழந்தைக்கு 10 கிராம். அதாவது 5 கிராம் குப்பி இரண்டு. பில்லில் அந்த எண்ணிக்கையை அவசியம் பாருங்கள். அப்புறம், மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதற்குக் கட்டணம் தனி.

பலர் நினைப்பதுபோல் இது தடுப்பூசி இல்லை. ஏற்றிய புரதம் மெல்லக் குறைந்துவிடும், அதனால்தான் 3-4 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுகிறார்கள்.