கடுகு பொரியிற சத்தம்

அன்புள்ள அக்கா,

கோமாளி மீன் பத்தி ஒரு டாகுமெண்டரி பார்த்தேன். முட்டையிலேருந்து வெளிய வந்ததும் குஞ்சு கடல்ல எங்கயோ போயிட்டு, கடைசில பொறந்த பவளப்பாறைக்கே திரும்பி வருதாம். மீனுக்கே சொந்த மண் பாசம் இருக்கு, நமக்கு இல்லையேன்னு கண் கலங்கிருச்சு. ஊர்ல அப்பா வீட்டை வித்துரலாம்னு பேச்சு ஓடுது, தங்கச்சி வேணாங்கறா. விக்கலாமா? அந்த மீனைத் தொட்டியில வளர்க்கலாமா?

க., கோயம்புத்தூர்

தம்பி,

அழுதது சரி, மீனை ஏன் இழுக்குறீங்க? எறும்பைப் பார்த்தா சுறுசுறுப்பு, காக்காயப் பார்த்தா ஒத்துமைன்னு ஸ்கூல்ல பிடிச்ச வியாதி, இப்ப கடலுக்கடியிலயும் வந்துருச்சு.

முழுப்பொய்யுன்னும் சொல்லல. பாப்புவா நியூ கினில கிம்பே தீவுல தாய் மீனுக்கு பேரியம்ங்கற உலோகத்துல ஒரு வகையை ஊசில ஏத்தினாங்க, அது குஞ்சோட காதுக்குள்ள இருக்கற சின்னக் கல்லுல அடையாளமா பதிஞ்சிரும், பின்னாடி பிடிச்சுப் பார்த்தா அங்க குடியேறின குஞ்சுகள்ல 60 சதவீதம் போல அந்தத் தீவுலயே பொறந்தது. 2007ல வந்த ஆய்வு. மிச்சம் 40? எங்கயோ பொறந்து இங்க வந்து செட்டில் ஆனது. அதுக்கு ஏன் கண் கலங்கல?

பத்து பன்னெண்டு நாள் வெளிக்கடல்ல மிதந்த பொடிக்குஞ்சுக்கு ஏது பாசம், வாசனையும் சத்தமும்தான் வழி. சத்தம்னதும் எனக்கு ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கற மண்டபம் ஊரு ஞாபகம் வருது. படகுலேருந்து எறங்கி தலையை முக்கினேன், காதுல எண்ணெய்ச் சட்டில கடுகு பொரியிற மாதிரி படபடபடன்னு, பயந்து வெளிய வந்துட்டேன். படகுக்காரண்ணன் சிரிச்சாரு, "பார்ல அப்படித்தான்மா கேக்கும்"னாரு. பார்னா பவளப்பாறை. விரல் நீளங்கூட இல்லாத ஒரு எறாலு கொடுக்கை டப்புன்னு மூடும்போது ஒரு குமிழி உண்டாகி உடையுது, அந்தச் சத்தம், அப்படி ஆயிரக்கணக்குல. குஞ்சுங்களுக்கு அதுதான் 'இங்க ஆள் இருக்கு'ங்கற தகவல். ஆஸ்திரேலியால லிசர்ட் தீவு பக்கம் 2017ல செத்த பவளக் கல்லைக் குவிச்சு வச்சு ஸ்பீக்கர்ல நல்ல பாரோட சத்தத்தை 40 நாள் போட்டுவிட்டாங்க, சத்தம் போடாத குவியலை விட ரெண்டு மடங்கு மீன் வந்துச்சு! செத்த எடம்தான், ஆனா சத்தம் இருந்துச்சே.

பவளம் இன்னும் மோசம். அதுவும் ஒரு உசுருதான், குஞ்சா இருக்கும்போது நீந்தும், குண்டூசித் தலை அளவுதான், அடிக்குப் போய் தொட்டுத் தொட்டுப் பார்க்கும், கல்லு மேல ரோஸ் கலர்ல சுண்ணாம்பு மாதிரி படர்ந்த பாசி தட்டுப்பட்டா நின்னு யோசிக்கிற மாதிரி சுத்தும், அப்புறம் ஒட்டிக்கும். ஒட்டினா ஒட்டினதுதான், எந்திரிச்சுப் போக முடியாது. தூத்துக்குடில எங்க தாத்தா வீட்டுச் சுவர்ல காரை உதிர்ந்த எடத்துல பூப்பூவா ஓட்டை தெரியும், சின்னதுல அதுல விரலை விட்டு வெளையாடுவேன், மன்னார் வளைகுடால வெட்டி எடுத்த பவளம்னு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுச்சு. அந்தக் காலத்துல அதைச் சுட்டு சுண்ணாம்பும் ஆக்கினாங்க. 2001ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல சேர்த்த பிறகும் வெட்டு உடனே நிக்கல. என் விரல் போன ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு உசுரு இருந்திருக்கு, அங்கயே இருக்கலாம்னு முடிவு பண்ணி ஒட்டின ஒரு குஞ்சுலேருந்து பெருகினது.

தொட்டி வேணாம், உப்புத்தண்ணி வச்சுப் பாத்துக்கறது முழுநேர வேலை. வீட்டு விஷயம் மீன்கிட்டயும் கேக்காதீங்க, என்கிட்டயும் கேக்காதீங்க, தங்கச்சிக்கு இன்னைக்கே போன் போடுங்க.