காயலான் கடைக்குப் போன கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் சந்தா

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஆன்டிவைரஸ் தான். புள்ளைங்களுக்கு லேப்டாப் வாங்குற சீசன்னா எப்பவும் இப்படித்தான். ரெண்டு பக்கம் எழுதினவங்களோடதை எல்லாம் வெட்டி சுருக்கி போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): எம்.சி. ரோட்ல ஒரு துணிக்கடைல கணக்கு பாக்குறேன். வீட்டு கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ண வந்த பையன் "3 வருஷ ஆன்டிவைரஸ் அக்கா, வெளிய 2,000, உங்களுக்கு 600"னு அதை ஆக்டிவேட் பண்ற லைசன்ஸ் கீயை வாட்ஸப்ல அனுப்பினான். நாலாவது மாசம் லைசன்ஸ் பிளாக் ஆயிடுச்சுன்னு வருது. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறான். துட்டு போனது போனதுதானா?

பதில்: அக்கா, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை கழட்டி தூசி தட்டி ஓட வெச்சு குடுத்த பையன் சொன்னா யாரு தான் நம்ப மாட்டாங்க, உங்க மேல தப்பே இல்ல. இந்த மாதிரி கீயோட கதை பெரும்பாலும் ஒண்ணு தான். ஆபீஸுங்க 50 கம்ப்யூட்டர், 100 கம்ப்யூட்டருக்குன்னு மொத்தமா ஒரே கீ வாங்குவாங்க, அது எப்படியோ வெளிய கசிஞ்சு ஆளுக்கு 600, 700-னு சில்லறைல ஓடும், ஊர் பூரா ஒரே கீ ஆக்டிவேட் ஆகுதுன்னு கம்பெனிக்கு தெரிஞ்ச அன்னிக்கு மொத்தமா அடைச்சிடுவான். கம்பெனிக்காரன்கிட்ட போய் நின்னா பில் எங்கம்மான்னு கேப்பான்.

நானும் இந்த ஜாதி தான். 2000-த்தோட ஆரம்பத்துல பர்மா பஜார்ல 50 ரூபாய்க்கு ஒரு ஆன்டிவைரஸ் சிடி வாங்கினேன். கவர்ல கலர் ஜெராக்ஸ்ல பளபளன்னு படம், மேல செல்லோ டேப். வீட்ல வந்து போட்டா சிடிக்குள்ளயே வைரஸ். அதை யாரு கண்டுபுடிச்சு சொன்னதுங்கறீங்க, ஏற்கனவே கம்ப்யூட்டர்ல இருந்த ஓசி ஆன்டிவைரஸ்.

பணம் அனுப்பின ரசீது, வாட்ஸப் சாட், பிளாக்னு காட்டுற ஸ்க்ரீன், மூணையும் எடுத்து வெச்சுக்கோங்க. 1915-க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். சென்னை வடக்குக்குன்னு தனியா மாவட்ட நுகர்வோர் ஆணையமே இருக்கு, பொருளுக்கு குடுத்த துட்டு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் வெச்சே ஆகணும்னும் இல்ல. 600 ரூபாய்க்கு கோர்ட்டான்னு கேப்பீங்க. சரி, அதுக்கு முன்னாடி பையனுக்கு "1915-ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்"னு ஒரு மெசேஜ் தட்டிப் பாருங்க, சில பேருக்கு அதுவே போதும். அந்த செத்துப் போன ஆன்டிவைரஸை கம்ப்யூட்டர்ல அப்படியே விட்டு வைக்காதீங்க, அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க. பண்ணதும் விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ், டிஃபெண்டர், தானா முழிச்சுக்கும், வேற எதுவும் வாங்க வேணாம்.

கேள்வி (மூலக்கடை): ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் சேஃப்டி தானே?

பதில்: இல்ல, ஒண்ணை ஒண்ணு திருடன்னு நினைச்சு மல்லு கட்டும், நடுவுல உங்க கம்ப்யூட்டர் படுத்துடும்.

கேள்வி (பெரம்பூர்): 2016-ல வாங்கின லேப்டாப், விண்டோஸ் 10 ஓடுது. பேங்க் வேலை எல்லாம் அதுல தான். 2,500 வரைக்கும் போடலாம்னு இருக்கேன், நல்ல ஆன்டிவைரஸா ஒண்ணு சொல்லுங்க சார்.

பதில்: அந்த 2,500-ஐ பீரோலயே வைங்க. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட அப்டேட்டை நிறுத்திட்டான். கூரைல ஓடு போயிருக்கும்போது கதவுக்கு பூட்டு வாங்கலாமான்னு கேக்குறீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒண்ணு உலகம் பூரா கம்ப்யூட்டரை லாக் பண்ணி துட்டு கேட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அது நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்லயே அடைப்பு குடுத்தாச்சு. அப்டேட் போட்டவன் தப்பிச்சான். "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளி வெச்சவன் மாட்டினான்.

வீட்டுக்காரங்களுக்கு இஎஸ்யூன்னு கூடுதல் அப்டேட் திட்டம் ஒண்ணு விட்டிருக்கான். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட்டுக்குள்ள போனா சேரச் சொல்லி லிங்க் வரும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல உள்ள போய் செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணினா காசில்லாமயே 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். உங்க லேப்டாப் 2016-ஓடதுன்றதால விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அதுக்கு இன்டெல்னா 8-வது தலைமுறை பிராசசராவது வேணும். "நான் ஏத்தி குடுக்குறேன்"னு எவனாவது குறுக்கு வழி சொன்னா பேங்க் வேலை பாக்குற மிஷின்ல அதுக்கு ஒத்துக்காதீங்க. அந்த இஎஸ்யூ முடிஞ்சப்புறம் விண்டோஸுக்கு பதிலா ஓசில கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டா அதே லேப்டாப் இன்னும் சில வருஷம் ஓடும், பிரவுசர்ல பண்ற வேலைக்கு அது தாராளம்.

கேள்வி (கொளத்தூர்): போன வருஷம் ஆன்லைன்ல 499-க்கு ஆன்டிவைரஸ் வாங்கினேன். இந்த வருஷம் என்னை கேக்காமயே கார்டுல 2,299 எடுத்துட்டான். இது நியாயமா?

பதில்: நியாயம் இல்ல, ஆனா நீங்க வாங்கின அன்னிக்கு கீழ சின்ன எழுத்துல அதை எழுதி வெச்சிருப்பான், நீங்க "ஒத்துக்கிறேன்"னு டிக்கும் அடிச்சிருப்பீங்க. இந்த விஷயத்துல எனக்கு வயித்தெரிச்சல் கொஞ்ச நஞ்சம் இல்ல, அதனால நீளமா தான் பேசுவேன், பொறுமை இல்லாதவங்க அடுத்த கேள்விக்கு போயிடுங்க.

தண்டையார்பேட்டை வீட்ல என்கிட்ட ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்துச்சு. மதர்போர்டு போயி, மானிட்டர்ல கோடு விழுந்து, கடைசில காயலான் கடைக்காரர் தராசுல வெச்சு எடை போட்டு எடுத்துட்டு போனார். அது போயி ரெண்டு வருஷம் கழிச்சு எதேச்சையா கார்டு ஸ்டேட்மென்டை பாத்தா, அந்த டெஸ்க்டாப்புக்கு போட்ட ஆன்டிவைரஸ் ரெண்டு தடவை ரினீவல் ஆகி இருக்கு. இல்லாத கம்ப்யூட்டருக்கு நான் காவல் காசு கட்டிட்டு இருந்திருக்கேன். வீட்ல இதை சொன்னப்போ "பழைய இரும்புக்கு கிடைச்சதை விட ஜாஸ்தியா கட்டிட்டியே"ன்னு ஒரே சிரிப்பு, இன்னிக்கு வரைக்கும் ஏதாவது வாங்கப் போனா அந்த பேச்சு வந்துடும்.

முதல் வருஷ விலைன்றது தூண்டில் புழு, அவன் மீன் புடிக்கிறது ரெண்டாவது வருஷத்துல. அதனால பாக்கெட்ல போட்டிருக்குற விலைய பாக்காம ரினீவல் விலை எவ்வளவுன்னு கேட்டு தான் வாங்கணும். ரிசர்வ் பேங்க் ரூல் 2021 அக்டோபர் 1-ல இருந்து நடைமுறைல இருக்கு: நம்ம ஊர் கார்டுல தானா எடுக்குற தவணைக்கு 24 மணி நேரம் முன்னாடியே பேங்க் மெசேஜ் அனுப்பணும், எவ்வளவு, யாருக்குன்னு சொல்லணும், வேணாம்னா நிறுத்துறதுக்கு வழியும் குடுக்கணும். கொளத்தூர் தம்பி, உங்களுக்கும் அந்த மெசேஜ் வந்திருக்கும், லோன் வேணுமா, ஆஃபர் வேணுமான்னு வர்ற குப்பைக்கு நடுவுல அது புதைஞ்சு போயிருக்கும். தேடிப் பாருங்க. வந்திருந்தா பாடம், வரவே இல்லன்னா அது பேங்க் பண்ண தப்பு, எழுத்துல கம்ப்ளெயின்ட் குடுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்கு போகலாம். துட்டு எடுத்து ரொம்ப நாள் ஆகலன்னா கம்பெனிக்கே மொதல்ல ரீஃபண்ட் கேளுங்க, சில பெரிய கம்பெனிங்க வருஷ ரினீவலுக்கு 60 நாள் வரைக்கும் திருப்பித் தருவாங்க. அவங்க சைட்ல லாகின் பண்ணி ஆட்டோ ரினீவலை ஆஃப் பண்ணுங்க, அன்இன்ஸ்டால் பண்ணினா மட்டும் சந்தா நிக்காது. அது தெரியாம தான் நான் தெண்டம் அழுதேன்.

கேள்வி (வியாசர்பாடி, காலேஜ் மாணவர்): காசு குடுக்காம ஆடலாம்னு ஒரு கேமோட கிராக் (பூட்டை உடைச்ச காப்பி) போட்டேன். யூடியூப் வீடியோல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு தான் போடணும்னு சொன்னாங்க. இப்போ என் இன்ஸ்டாக்குள்ள யாரோ பூந்து கிரிப்டோ விளம்பரம் போடுறான். எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்ணே?

பதில்: ஏம்பா, இருந்த ஆன்டிவைரஸ் தான் கத்திருக்கே, அதோட வாயை பொத்தினது நீ தானே. இன்னொண்ணு வாங்கி அதையும் ஆஃப் பண்ணுவ, அதுக்கு எதுக்கு துட்டு? கிராக்கோட வந்தது பிரவுசர்ல நீ சேவ் பண்ணி வெச்ச பாஸ்வேர்டு, குக்கீ எல்லாத்தையும் அள்ளிட்டு போயிருக்கும், குக்கீன்றது நீ லாகின் பண்ணதை ஞாபகம் வெச்சிருக்கற குட்டி ஃபைல், அது போச்சுன்னா பாஸ்வேர்டே தெரியாம உள்ள வந்துடுவான். இந்த கம்ப்யூட்டரை தொடாம வேற போன்ல இருந்து மொதல்ல ஈமெயில், அப்புறம் இன்ஸ்டா பாஸ்வேர்டை மாத்து, எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட் குடு, பாஸ்வேர்டோட கோடும் கேக்குற டூ ஸ்டெப் போடு. அப்புறம் விண்டோஸை சுத்தமா புதுசா போடு. அப்பாவோட பேங்க் அக்கவுன்டும் அதே பிரவுசர்ல இருந்துச்சுன்னா இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடு, திட்டு வாங்கினாலும் பரவாயில்ல.

கேள்வி (ராயபுரம்): நம்ம ஊர் ஆன்டிவைரஸ் வாங்குறதா, வெளிநாட்டுதா?

பதில்: கே7 நம்ம சென்னை கம்பெனி தான், க்விக் ஹீல் புனே. ரெண்டும் 90-கள்ல இருந்தே களத்துல இருக்கு. ஊர் பாசத்துக்காகவும் வாங்காதீங்க, ஃபாரின்னு மயங்கியும் வாங்காதீங்க. ஜெர்மனில ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியால ஏவி-கம்பேரட்டிவ்ஸ்னு ரெண்டு லேப் ஆன்டிவைரஸை எல்லாம் விடாம டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை ஓசிலயே போடுறாங்க. ஏவி-டெஸ்ட்ல மொத்தம் 18 மார்க்: பாதுகாப்புக்கு 6, கம்ப்யூட்டரை இழுக்காம இருக்கறதுக்கு 6, சும்மா சும்மா பொய் அலாரம் அடிக்காததுக்கு 6. ஓசில வர்ற டிஃபெண்டரும் அந்த லிஸ்ட்ல இருக்கும், அதோட மார்க்கை பக்கத்துல வெச்சு பாருங்க, அப்புறமும் பர்ஸை திறக்கத் தோணுச்சுன்னா திறங்க. இன்னொண்ணு, ஓசின்னா எல்லாமே தர்மம்னு நினைச்சிடாதீங்க. அவாஸ்ட் ஆன்டிவைரஸ் ஜனங்க எந்தெந்த சைட்டுக்கு போறாங்கன்ற விவரத்தை எடுத்து வித்ததுன்னு அமெரிக்காவோட எஃப்டிசி (வியாபார ஏமாத்தை கேக்குற அரசு அமைப்பு) கேஸ் போட்டு 2024-ல 1.65 கோடி டாலர் கட்ட வெச்சுது.

கேள்வி (திருவொற்றியூர், ஜெராக்ஸ் கடை): கஸ்டமர் பென் டிரைவ் போட்டாலே எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுது. ஃபைல் அழிஞ்சிடுச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வராங்க.

பதில்: அழியல, ஒளிஞ்சிருக்கு. வைரஸ் உங்க ஃபைலை எல்லாம் மறைச்சு வெச்சிட்டு அதே பேர்ல ஷார்ட்கட் வெக்கும், நாம ரெஸ்யூம்னு நினைச்சு கிளிக் பண்ணா மொதல்ல வைரஸ் ஓடும், கூடவே ரெஸ்யூமும் திறக்கும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. ஐகான்ல இடது பக்கம் கீழ குட்டியா ஒரு வளைஞ்ச அம்புக்குறி இருக்கா பாருங்க, இருந்தா கைய எடுத்துடுங்க. டிஃபெண்டர்ல அந்த டிரைவை மட்டும் ஸ்கேன் பண்ணிட்டு, வியூல ஹிடன் ஐட்டம்ஸ் டிக் போட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல சிஸ்டம் ஃபைலை மறைக்கிற டிக்கையும் எடுங்க, பேரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ள மொத்த ஃபைலும் பத்திரமா உக்காந்திருக்கறதை பாக்கலாம். கடை கம்ப்யூட்டரையும் முழுசா ஸ்கேன் பண்ணுங்க, ஒருத்தர்கிட்ட வாங்கி இன்னொருத்தருக்கு குடுக்குறது அதுவா தான் இருக்கும். கஸ்டமரை பென் டிரைவுக்கு பதிலா மெயில்ல அனுப்ப சொல்லிப் பாருங்க.

கேள்வி (கொடுங்கையூர்): போனுக்கு கிளீனர் ஆப் போடலாமா?

பதில்: வேணாம்.

கேள்வி (காசிமேடு): அப்பா ஹார்பர்ல வேலை பாத்து ரிடையர் ஆனவர். பேப்பர் படிச்சிட்டு இருக்கும்போது ஸ்க்ரீன் பூரா செவப்பாகி சைரன் அடிச்சு, மைக்ரோசாஃப்ட்னு போட்டு ஒரு நம்பர் வந்திருக்கு. பயந்து போன் பண்ணிட்டார். ஏதோ ஆப் போட சொல்லி, செக்யூரிட்டி சார்ஜ்னு 18,000 எடுத்துட்டாங்க. நேத்துல இருந்து சாப்பிடல. எந்த ஆன்டிவைரஸ் இதை தடுக்கும்?

பதில்: இதை படிக்கிற வரைக்கும் காத்திருக்க கூடாதுன்னு உங்களுக்கு மட்டும் அன்னிக்கே பதில் போட்டுட்டேன், மத்தவங்களுக்காக இங்க திருப்பி எழுதுறேன். 1930, இந்த நம்பருக்கு தான் மொதல்ல. சைபர் கிரைம் உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்கு துட்டு அடுத்த அக்கவுன்டுக்கு தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. அதோட பேங்குக்கும் சொல்லி எழுத்துல குடுத்து கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கிக்கணும். கம்ப்யூட்டரை நெட்ல இருந்து கழட்டி அந்த ஆப்பை தூக்கிட்டு, வேற போன்ல இருந்து பேங்க் பாஸ்வேர்டை மாத்தணும்.

அந்த செவப்பு ஸ்க்ரீன் வைரஸே இல்ல, சும்மா ஒரு வெப் பேஜ், முழு ஸ்க்ரீனுக்கு விரிஞ்சு சத்தம் போட்டு மிரட்டுது. எஸ்கேப் கீயை கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சா சின்னதாகும், மூடிடலாம். அதுக்கும் மசியலன்னா பவர் பட்டனை புடிச்சு ஆஃப் பண்ணிடுங்க, ஒண்ணும் ஆகாது. மைக்ரோசாஃப்டோட எந்த எச்சரிக்கையிலயும் போன் நம்பர் இருக்காது. பிரவுசர்ல விளம்பரம் தடுக்குற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு போட்டு, செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் அனுப்ப எந்தெந்த சைட்டுக்கு அனுமதி குடுத்திருக்குன்னு பாத்து தெரியாததை எல்லாம் தூக்குங்க, இந்த தொல்லை பாதி அந்த ரெண்டு வழியா தான் வருது. ஆன்டிவைரஸ் சில பேஜை தடுக்கும், ஆனா நாமளே போன் பண்ணி நாமளே ஆப் போட்டா அது என்ன பண்ணும். அப்பாவை யாரும் குத்திக் காட்டாதீங்க, இதே வேலையா நாள் பூரா உக்காந்திருக்கறவன்கிட்ட அவர் தனியா மாட்டிக்கிட்டார். பக்கத்துல உக்காந்து ரெண்டு இட்லி சாப்பிட வைங்க, அப்புறம் ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போங்க.

கேள்வி (எண்ணூர்): ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல என்ன ஆன்டிவைரஸ்?

பதில்: டிஃபெண்டர் மட்டும் தான். கூட ஒரு ஹார்ட் டிஸ்க், ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்கு போறதுக்கு முன்னாடி மாட்டி பேக்கப் போட்டுட்டு திரும்பி வந்ததும் கழட்டி பீரோல வெச்சிடுவேன். போன ரெண்டு ஞாயிறும் போடல, மறந்துட்டேன்.