கிளட்ச் விட்டதும் ‘டொக்’

கேள்வி: என் பத்துச் சக்கர டிப்பரில் கிளட்சை விட்டு வண்டி நகரும்போது அடியில் ‘டொக்’ என்று சத்தம். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தாலும் வருகிறது. கிரவுன் (பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) போய்விட்டது, அது இருக்கும் கூடான ஹவுசிங்கை இறக்கணும் என்கிறார்கள். இறக்கலாமா?
— நாமக்கல் வாசகர்

பதில்: இப்போது இறக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் ஜாயிண்ட் கிராஸ் மேல்தான்; கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டை இணைக்கும் சிலுவை வடிவ மூட்டு அது. இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போடுங்கள். கட்டை இல்லாமல் யாரும் அடியில் போகவே கூடாது, தம்பி. நியூட்ரலில் வைத்து, ஒவ்வொரு கிராஸையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கிராஸின் முனைகளை மூடும் கப் ஓரத்தில் துரு நிறத்தில் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தேய்ந்துவிட்டது. அப்புறம் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ரப்பர், ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் ஸ்லிப் ஜாயிண்ட் பல், அச்சைப் பிடித்திருக்கும் டார்க் ராடின் புஷ், அச்சை ஸ்பிரிங் பட்டையோடு கட்டும் யு-போல்ட் இறுக்கம் எல்லாம் பாருங்கள்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் பெயின்டால் அடையாளம் போடுங்கள். ஸ்லிப் ஜாயிண்டை ஒரு பல் மாற்றிக் கோர்த்தாலும் அதிர்வு வரும். புது கிராஸில் நான்கு கப்பிலும் கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஹவுசிங் ஆயிலை வடித்துப் பாருங்கள். இரும்புத் துணுக்கு வந்தால் கிரவுனைத் திறக்கலாம்.